சேதுக்கரை மணலில் 8 அங்குல டாப்சோனியன்: சுருள் கேலக்ஸிகளுக்கு இது போதுமா?

8 அங்குல டாப்சோனியன் டெலஸ்கோப் வாங்கலாமா என்று எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கீழக்கரைக்கும் மண்டபத்துக்கும் இடையில் எங்காவது குடியிருந்து, சுருள் கேலக்ஸிகளைச் சொந்தக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையும் இருந்தால் தாராளமாக வாங்கலாம். நிலாவுக்கும் சனி வளையத்துக்கும் மட்டும் என்றால் இவ்வளவு பெரியது தேவையில்லை, பாதி விலையிலேயே காரியம் முடிந்துவிடும். நான் வாங்கியது கேலக்ஸிக்காக. அதனால் இந்த விமர்சனமும் அந்தப் பாதையில்தான் போகும்: சுருள்களில் என்னென்ன வகை, அவை இந்தக் குழாய்க்குள் எப்படி வேறுபட்டுத் தெரிகின்றன, எதைப் பார்த்தால் மனசு நிறையும், எதில் ஏமாற்றம் காத்திருக்கிறது.

கம்பெனி பெயரைப் போடவில்லை. இந்த அளவில் சந்தைக்கு வருபவை பெரும்பாலும் ஒரே அமைப்புதான்: 203 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழி ஆடி, 1200 மில்லிமீட்டர் குவியத்தூரம், நாலடி நீளத்தில் இரும்புத் தகட்டுக் குழாய், அதைத் தாங்க மரத்தூள் பலகையில் செய்த சுழலும் பெட்டி. மோட்டார் கிடையாது, கையால் தள்ளித் திருப்ப வேண்டியதுதான். விலை அரை லட்சத்தை ஒட்டி வரும். கூடவே வருகிற, கண்ணை வைத்துப் பார்க்கும் வில்லையான ஐபீஸ்களில், 25 மில்லிமீட்டரில் 48 மடங்கும் 9 மில்லிமீட்டரில் 133 மடங்கும் பெரிதாகத் தெரியும். ஆன்லைனில் சின்னக் குழாய்களுக்கு 525 மடங்கு என்று போட்டு விற்கிறார்களே, அந்த எண்ணைப் பார்த்து யாரும் பணத்தைக் கொட்டாதீர்கள். கேலக்ஸிக்கு வேண்டியது ஆடியின் அகலம். இருட்டில் முழுதாக விரிந்த கண்மணி சுமார் 7 மில்லிமீட்டர், இந்த ஆடி 203. பரப்பளவில் கணக்குப் போட்டால் வெறுங்கண்ணைவிட 800 மடங்குக்கு மேல் ஒளியை வாரிச் சேர்க்கிறது.

இங்கே ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ளாமல் வாங்குகிறவர்கள்தான் ஒரே மாதத்தில் டெலஸ்கோப்பைப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள். எவ்வளவு பெரிய ஆடி வைத்தாலும், பரந்து கிடக்கிற ஒரு பொருளின் ஒவ்வொரு துண்டும் வெறுங்கண்ணுக்குத் தெரிவதைவிடப் பிரகாசமாக ஆகாது, பெரிதாகும், அவ்வளவுதான். நட்சத்திரம் புள்ளி என்பதால் சேர்த்த ஒளியெல்லாம் அந்தப் புள்ளியிலேயே விழுகிறது, கேலக்ஸியில் அது பரப்பு முழுவதும் பகிர்ந்துபோகிறது. ஆகவே ஒரு கேலக்ஸியின் மொத்த ஒளி எவ்வளவு என்று பட்டியலில் போட்டிருக்கும் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது.

இதற்கு எம் 104, எம் 101 (மெஸ்ஸியே என்பவர் தொகுத்த பட்டியலின் எண்கள்) என்ற இரண்டு கேலக்ஸிகளைவிட நல்ல உதாரணம் இல்லை. எம் 104ன் மொத்தப் பிரகாச எண் 8.0, எம் 101க்கு 7.9. இந்த எண் குறையக் குறையப் பிரகாசம் கூடும், அப்படிப் பார்த்தால் எம் 101தான் ஒரு துளி கூடுதல் பிரகாசம். ஆனால் எம் 104ஐ நிலா இருக்கிற ராத்திரியில்கூட ஐபீஸில் பிடித்துவிடலாம். எம் 101ஓ அமாவாசை இருட்டிலும், இங்கேதான் இருக்கிறது என்று தெரிந்து பார்த்தாலும், ஏதோ வானம் கொஞ்சம் வெளுத்திருக்கிறது என்பதோடு நின்றுவிடும். இரண்டுமே சுருள் கேலக்ஸிதான். வித்தியாசம் வகையிலும், நம்மை நோக்கி எந்தப் பக்கத்தைக் காட்டிக்கொண்டு இருக்கிறது என்பதிலும் இருக்கிறது. எம் 104 தன் தட்டை, அதாவது நட்சத்திரங்கள் பரவிக்கிடக்கும் வட்டத் தளத்தை, ஏறக்குறைய முழுப் பக்கவாட்டில், 6 பாகைச் சாய்வில் காட்டுகிறது, அதன் நடுப்புடைப்பும் பிரம்மாண்டம், ஒளியெல்லாம் ஒரு சின்ன இடத்தில் குவிந்துவிடுகிறது. எம் 101 நமக்கு நேர் முகமாக இருக்கிறது, புடைப்பு மிகச் சிறியது, கரங்கள் நிலாவின் அகலத்துக்குப் பரந்து கிடக்கின்றன. 2023 மே மாதம் எம் 101ல் ஒரு சூப்பர்நோவா வெடித்தபோது, 2 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் வெடித்த அந்த ஒற்றை நட்சத்திரம் என் குழாயில் பளிச்சென்று தெரிந்தது, அது இருந்த கேலக்ஸியின் கரங்கள் தெரியவில்லை. அன்றைக்கு எனக்கு உண்டான பிரமிப்பு இன்னும் போகவில்லை.

சரி, வகைக்கு வருவோம். 1926ல் எட்வின் ஹபிள் கேலக்ஸிகளைத் தோற்றத்தை வைத்துப் பிரித்தார், பத்து வருடம் கழித்து அதையே இசைக்கவை வடிவத்தில் வரைந்து காட்டினார். கைப்பிடியில் நீள்வட்டக் கேலக்ஸிகள், பிரியும் இரண்டு கிளைகளில் சுருள்கள். ஒரு கிளையில் சாதாரணச் சுருள்: கரங்கள் நடுப்புடைப்பிலிருந்தே கிளம்பும். இன்னொரு கிளையில் பட்டைச் சுருள்: நடுவில் நட்சத்திரங்களால் ஆன ஒரு நேர்ப்பட்டை குறுக்கே கிடக்கும், அதன் இரண்டு முனைகளிலிருந்து கரங்கள் கிளம்பும். ஒவ்வொரு கிளையிலும் ஏ, பி, சி என்று வரிசை. ஏ என்றால் புடைப்பு பெரிது, கரங்கள் இறுக்கமாகச் சுற்றியவை, வாயு குறைவு, புது நட்சத்திரம் பிறப்பதும் குறைவு. சி என்றால் எல்லாம் தலைகீழ்: சின்னப் புடைப்பு, விரிந்து தளர்ந்த கரங்கள், வாயுவும் தூசியும் நிறைய, கரம் நெடுகிலும் நட்சத்திரப் பிரசவம். பி நடுவில். இது வயது வரிசை கிடையாது. ஏ முதிர்ந்து சி ஆகும் என்றோ, சி சுருங்கி ஏ ஆகும் என்றோ அர்த்தம் எடுக்கக் கூடாது.

1959ல் ஜெரார்டு டி வோகுலர் இதை இன்னும் நுணுக்கினார். பட்டை உண்டு, இல்லை என்று இரண்டாக வெட்டாமல், இரண்டுக்கும் நடுவில் லேசான பட்டை உள்ளவற்றுக்கு ஓர் இடம் கொடுத்தார். மையத்தைச் சுற்றி வளையம் இருக்கிறதா என்றும் குறித்தார். சிக்கு அப்புறம் டி என்றும், உருக்குலைந்த மகெல்லன் வகை என்றும் வரிசையை நீட்டினார். நான் பட்டியலில் பார்ப்பது இவருடைய குறியீடுகளைத்தான், ஏனென்றால் ராத்திரி எதைத் தேடலாம் என்று முடிவெடுக்க அது நேரடியாக உதவுகிறது. புடைப்பு பெரிதா, இன்றைக்கு வானம் சுமாராக இருந்தாலும் தெரியும். சி, டி என்று போட்டிருக்கிறதா, நல்ல இருட்டுக்குக் காத்திரு. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: பெரிய புடைப்பு என்றால் கரங்களும் இறுக்கமாக இருக்கும் என்று ஹபிள் காலத்திலிருந்து சொல்லிவருகிற பொருத்தம் அவ்வளவு கெட்டியானதில்லை. பொதுமக்கள் லட்சக்கணக்கான படங்களைப் பார்த்து வகை பிரித்த கேலக்ஸி ஸூ திட்டத்தின் தரவை வைத்து 2019ல் வந்த ஆய்வு, அந்த இரண்டுக்கும் தொடர்பு பலவீனம் என்று காட்டியது.

ஏ வகையை முதலில் பார்க்க எம் 104க்கே போங்கள். பங்குனி, சித்திரையில் அஸ்தம் நட்சத்திரக் கூட்டத்துக்கும் சித்திரை நட்சத்திரத்துக்கும் இடையில், நம் தலைக்கு மேல் கிட்டத்தட்ட 70 பாகை உயரத்துக்கு ஏறிவிடும். 133 மடங்கில் நடுவே வெளிச்சமான உருண்டை, இருபக்கமும் நீண்டு கூராகும் ஒளி, கொஞ்ச நேரம் கண்ணை எடுக்காமல் பார்த்தால் அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் ஒரு கருங்கோடு. தட்டின் ஓரத்தில் சுற்றிக்கிடக்கும் தூசி வளையம் அது. சேதுக்கரையில் ஒரு ராத்திரி, வலையைச் சீர்செய்துவிட்டுக் கரையில் உட்கார்ந்திருந்த ஒரு மீனவ அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். என்ன தெரியும் என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, நடுவுல கருப்பா ஒரு கோடு குறுக்க ஓடுதே, கண்ணாடியில தூசியா?" என்றார். "தூசிதாண்ணே, ஆனா கண்ணாடியில இல்ல, அங்கதான் இருக்கு" என்றேன். டவுனிலிருந்து வரும் நண்பர்களுக்கு அந்தக் கோட்டைக் காட்ட எனக்கு நெடுநேரம் பிடிக்கும். இருட்டிலேயே தொழில் செய்து பழகிய கண்ணுக்கு அது தானாகவே அகப்பட்டது. அவர் பார்த்த ஒளி கிளம்பி ஏறக்குறைய 3 கோடி ஆண்டு ஆகிறது. அந்த எண்ணைச் சொன்னதும் அவர் எழுந்து இன்னொரு முறை பார்த்தார்.

எம் 104 உண்மையிலேயே சுருளா என்பதிலும் இப்போது பேச்சு இருக்கிறது. ஸ்பிட்சர் அகச்சிவப்புத் தொலைநோக்கி காட்டியதன்படி, அதைச் சூழ்ந்த ஒளிவட்டம் ஒரு பெரிய நீள்வட்டக் கேலக்ஸிக்கு உரிய அளவில் இருக்கிறது, தட்டு அதற்குள் உட்கார்ந்திருக்கிறது. கரங்களே இல்லாமல் வெறும் தட்டும் புடைப்பும் மட்டும் உள்ள லென்ஸ் வடிவக் கேலக்ஸிகள் தனி வகை. என்ஜிசி 3115 (என்ஜிசி என்பது இன்னொரு வானியல் பட்டியல்) அதில் நல்லது, சின்னதாகக் கூராகப் பளிச்சென்று தெரியும், ஆனால் ஒருமுறை பார்த்தால் போதும்.

பி வகைக்கு எம் 31, ஆண்ட்ரோமீடா. 25 லட்சம் ஒளியாண்டு தூரம். எல்லோரும் முதலில் தேடுவது இதைத்தான், எல்லோரும் ஏமாறுவதும் இதில்தான். ஏன் என்றால் வானத்தில் அது நிலாவைப்போல் ஆறு மடங்கு நீளம், 25 மில்லிமீட்டர் ஐபீஸில் தெரிவதோ ஒரு பாகை. கேலக்ஸியின் நடுப்பகுதிக்குள் நுழைந்து நின்றுகொண்டு கேலக்ஸி எங்கே என்று தேடுகிற நிலைமை. பைனாகுலரில்தான் அதன் முழு உருவம். இன்னொரு சங்கடம், அது உச்சிக்கு வரும் ஐப்பசி, கார்த்திகை மாலைகளில் நமக்கு வடகிழக்கு மழை. தை பிறந்ததும் இருட்டின உடனே மேற்கில் பிடித்துவிடுங்கள். பக்கத்திலேயே இருக்கும் எம் 33 என்ற கேலக்ஸி சி, டி வகைகளுக்கு இடைப்பட்டது. நல்ல இருட்டில் 48 மடங்கில் மெல்லிய எஸ் வடிவம் தட்டுப்படும், அதைவிட உறுதியாக என்ஜிசி 604 என்ற அதன் நட்சத்திரப் பிரசவ மேகம் தனித் திட்டாகத் தெரியும். வேறொரு கேலக்ஸிக்குள் இருக்கும் ஒரு வாயு மேகத்தை நம் ஊர் மணலில் நின்று பார்க்க முடிகிறது என்பதே எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

கரங்கள் எத்தனை இறுக்கம் என்பது ஒரு கணக்கு. எத்தனை ஒழுங்கு என்பது இன்னொரு கணக்கு, பலர் இதைக் கவனிப்பதில்லை. டெப்ரா எல்மகிரீன், புரூஸ் எல்மகிரீன் தம்பதியர் 1980களில் கரங்களின் ஒழுங்கை மட்டும் வைத்து 12 வகுப்பாகப் பிரித்தார்கள். இரண்டு பெரிய கரங்கள் தெளிவாக, மையத்திலிருந்து ஓரம்வரை தொடர்ந்து போனால் பெருவடிவச் சுருள். கரம் என்று ஒன்றைப் பின்தொடரவே முடியாமல் துண்டு துண்டாகச் சிதறியிருந்தால் பஞ்சுத் துணுக்குச் சுருள். நிறைய கேலக்ஸிகள் இரண்டுக்கும் நடுவே, பல கரங்களோடு இருக்கின்றன. துணுக்கு வகைக்கு எம் 63, என்ஜிசி 2841 இரண்டும் எடுத்துக்காட்டு. 8 அங்குலத்தில் எம் 63 ஒரு நீண்ட ஒளித்திட்டு, அங்கங்கே லேசான சொரசொரப்பு, அவ்வளவே. தெரியவில்லையே என்று ஆடியைக் குறை சொல்லாதீர்கள், அங்கே பின்தொடர்ந்து பார்க்கும்படியான கரமே இல்லை.

கரங்கள் எப்படிக் கலையாமல் நிற்கின்றன என்பது ரொம்ப நாள் புதிராக இருந்தது. கேலக்ஸியின் உள்பக்கம் இருப்பவை சீக்கிரம் ஒரு சுற்றை முடிக்கின்றன, வெளியே இருப்பவைக்கு நேரம் பிடிக்கிறது. நம் சூரியன் பால்வெளியை ஒருமுறை சுற்ற 20 கோடி ஆண்டுக்கு மேல் ஆகிறது, பிறந்ததிலிருந்து சுமார் 20 சுற்று போயிருக்கும். கரம் என்பது ஒரே நட்சத்திரங்கள் கைகோத்து நிற்கும் வரிசை என்றால் இத்தனை சுற்றில் அது இறுகிச் சுருண்டு அழிந்திருக்க வேண்டும். 1964ல் சி. சி. லின், பிராங்க் ஷூ இருவரும் கரம் என்பது ஓர் அடர்த்தி அலை என்று விளக்கம் கொடுத்தார்கள். பாம்பன் ரோட்டுப் பாலத்தில் ரயில் பாலத்தைப் பார்க்க ஒவ்வொரு வண்டியும் நடுவில் வேகம் குறைக்கிறதே, வண்டிகள் வந்து வந்து போய்விடுகின்றன, நெரிசல் மட்டும் அதே இடத்தில் நிற்கிறது, கரமும் அப்படித்தான். நட்சத்திரங்களும் வாயுவும் உள்ளே நுழைந்து, நெருங்கி, வெளியேறுகின்றன. நெருக்கத்தில் வாயு அமுங்கிப் புது நட்சத்திரங்கள் பிறக்கின்றன, அவற்றில் பெரியவை நீல நிறத்தில் எரிந்து, கரத்தைவிட்டு வெகுதூரம் போவதற்குள் செத்துவிடுகின்றன. கரம் பளிச்சென்று தெரிவதற்கு இதுதான் காரணம். பெருவடிவச் சுருள்களுக்கு இந்த விளக்கம் நன்றாகப் பொருந்துகிறது, பக்கத்துக் கேலக்ஸியோ நடுப்பட்டையோ அந்த அலையைக் கிளப்பிவிடலாம். துணுக்குச் சுருள்களில் அங்கங்கே தனித்தனியாகப் பிறக்கும் நட்சத்திரக் கூட்டங்களைச் சுழற்சி இழுத்து நீட்டுவதால் வரும் துண்டுகள்தான் கரமாகத் தெரிகின்றன. 2025ல் புனேயின் தேசிய ரேடியோ வானியற்பியல் மையத்து ஆராய்ச்சியாளர்கள், ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் தரவில், பிரபஞ்சம் பிறந்து சுமார் 150 கோடி ஆண்டிலேயே இரண்டு கரத்தோடு ஒழுங்காக உருவாகிவிட்ட ஒரு பெருவடிவச் சுருளைக் கண்டுபிடித்து அலக்நந்தா என்று பெயர் வைத்தார்கள். அவ்வளவு சீக்கிரத்தில் இத்தனை ஒழுங்கு எப்படி வந்தது என்று இப்போது எல்லோரும் மண்டையைக் குடைந்துகொண்டிருக்கிறார்கள்.

இனி, இந்தக் கடற்கரையில் இருப்பவர்கள் எதற்காக இந்த டெலஸ்கோப்பை வாங்க வேண்டும் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேனோ, அந்த விஷயம். எம் 51, எம் 83 என்ற இரண்டு சுருள்களும் வடக்கு தெற்காக உச்சி வழியே போகும் வானத்தின் நடுக்கோட்டை ஏறக்குறைய ஒரே நேரத்தில், சில நிமிட இடைவெளியில் கடக்கின்றன. சித்திரை பிறக்கும்போது நள்ளிரவில், வைகாசி தொடக்கத்தில் ராத்திரி 10 மணி வாக்கில். சேதுக்கரை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 9 பாகைக்குச் சற்று மேல். அங்கிருந்து எம் 51 வடக்கே 52 பாகை உயரத்திலும் எம் 83 தெற்கே கடலுக்கு மேல் 51 பாகை உயரத்திலும் நிற்கும். அதாவது குழாயின் சாய்வை மாற்றாமல், பெட்டியை மட்டும் அரைச் சுற்று சுழற்றினால் வடக்கின் பேர்பெற்ற சுருளிலிருந்து தெற்கின் பேர்பெற்ற சுருளுக்குப் போய்விடலாம். 1845ல் அயர்லாந்தில் ராஸ் பிரபு 6 அடி ஆடியுள்ள ராட்சத டெலஸ்கோப்பில் எம் 51ன் சுருளை முதன்முதலில் பார்த்து வரைந்தார். அவர் ஊரில் எம் 83 அடிவானத்திலிருந்து 7 பாகைதான் எழும்பும். சிட்னிக்காரர்களுக்கு எம் 83 தலைக்கு மேல், எம் 51 தரையோடு தரை. இரண்டையும் ஒரே உயரத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு நம் அட்சரேகையில் இருப்பவர்களுக்கு வாய்த்திருக்கிறது.

எம் 51ஐப் பிடிப்பது சுலபம், சப்தரிஷி மண்டலத்து வால் நுனியில் இருக்கும் மரீசிக்குப் பக்கத்தில். 48 மடங்கில் இரண்டு ஒளித்திட்டுகள் அருகருகே தெரியும்: பெரியது எம் 51, சின்னது அதோடு ஈர்ப்பால் மல்லுக்கட்டும் துணைக் கேலக்ஸி என்ஜிசி 5195. 133 மடங்குக்கு மாற்றி, நேரே பார்க்காமல் பார்வையைச் சற்றே ஓரமாக வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். முதலில் மையம் மட்டும். அப்புறம் மையத்தைச் சுற்றி ஒரு மங்கல் வட்டம். வட்டம் முழுதாக இல்லை, ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் அறுந்தும் இருக்கிறது என்று தோன்றும். தோன்றி மறையும். மறுபடி வரும்போது அந்த அறுந்த இடம் ஒரு கரத்துக்கும் அடுத்த கரத்துக்கும் நடுவே உள்ள இருட்டு என்று புரியும். படங்களில் பார்க்கும் நீலமும் சிவப்பும் கிடையாது, சாம்பல் மட்டும்தான். பட்டை இல்லாத, பிக்கும் சிக்கும் நடுவான, பெருவடிவச் சுருள் இது.

பெட்டியைச் சுழற்றி எம் 83க்கு வந்தால் முகம் வேறு. 1752ல் லக்காய் என்ற பிரெஞ்சு வானியலாளர் நன்னம்பிக்கை முனையிலிருந்து கண்டது, தூரம் 1.5 கோடி ஒளியாண்டு, எம் 51க்குப் பாதி. மையம் வட்டமாக இல்லாமல் ஒரு திசையில் நீண்டிருப்பது சீக்கிரமே தெரிந்துவிடும், அதுதான் பட்டை. பட்டையின் முனையிலிருந்து ஒரு கரம் வளைந்து கிளம்புவதை நல்ல ராத்திரிகளில் பிடிக்கலாம். இது சி வகை, லேசான பட்டை உள்ளது. பட்டை சும்மா அலங்காரத்துக்கு இல்லை. அது சுழலும்போது தட்டில் இருக்கும் வாயுவை மையத்தை நோக்கித் தள்ளுகிறது, எம் 83ன் நடுவில் நட்சத்திரங்கள் அவ்வளவு வேகமாகப் பிறப்பதற்கு அந்த வரத்தும் ஒரு காரணம். பிறப்பு அதிகம் என்றால் இறப்பும் அதிகம்: 1923லிருந்து 1983 வரைக்குள் மட்டும் அங்கே 6 சூப்பர்நோவாக்கள் பதிவாகியிருக்கின்றன. பட்டைகள் அபூர்வம் என்று நினைக்க வேண்டாம், லேசானவற்றையும் சேர்த்தால் சுருள்களில் மூன்றில் இரண்டு பங்குக்குப் பட்டை உண்டு. நம் பால்வெளியும் பட்டைச் சுருள்தான். 2005ல் ஸ்பிட்சர் தரவை வைத்து அந்தப் பட்டையின் நீளம் சுமார் 27,000 ஒளியாண்டு என்று கணக்கிட்டார்கள். கெட்டியான பட்டைக்கு என்ஜிசி 1365 இருக்கிறது, தை மாதத்தில் தெற்கே 45 பாகை உயரம், சுமார் 6 கோடி ஒளியாண்டு. பட்டை தெரியும், கரங்களுக்கு அதிர்ஷ்டம் வேண்டும்.

கடைசி வகை மகெல்லன் சுருள். ஒற்றைக் கரம், மையத்திலிருந்து விலகிக் கிடக்கும் பட்டை, மொத்தத்தில் கோணல்மாணல். இந்த வகைக்கே மூல உதாரணம் பெரிய மகெல்லன் மேகம், 1.6 லட்சம் ஒளியாண்டில் இருக்கும் நம் பக்கத்து வீடு. தை மாதம் ராத்திரி 9, 10 மணிக்கு அகத்தியர் நட்சத்திரத்துக்குக் கீழே சற்று வலப்பக்கம், கடல் விளிம்பிலிருந்து 11 பாகையில் நிற்கும். தெற்கே வெறும் கடல் என்பதால்தான் சேதுக்கரை, வாலிநோக்கம் பக்கம் இது சாத்தியம். கட்டடமும் தென்னையும் மறைக்கிற இடத்தில் நடக்காது. அடிவானத்து ஈரப்பதம் பாதி ஒளியைத் தின்றுவிடும், பைனாகுலரில் மங்கலாகத்தான் தெரியும். இருந்தாலும் டெலஸ்கோப்பில் அதற்குள் இருக்கும் டாரண்டுலா நெபுலா என்ற வாயு மேகத்தைத் துழாவிப் பிடித்துவிடலாம்.

எங்கே பார்ப்பது என்றால், அரிச்சல்முனை இருட்டாக இருக்குமே என்று கிளம்பிவிடாதீர்கள், மாலைக்கு மேல் அங்கே இருக்க விடமாட்டார்கள். சேதுக்கரை நல்ல இடம், ஆனால் ஆடி, தை அமாவாசைகளில் தர்ப்பணம் கொடுக்க விடியுமுன்பே வண்டிகள் வரிசையாக வந்துவிடும், ஹெட்லைட்டில் கண் போய்விடும். அந்த நாட்களுக்கு இரண்டு நாள் முன்னே பின்னே போங்கள். ஆனி, ஆடியில் வானம் பெரும்பாலும் திறந்திருக்கும், ஆனால் கச்சான் காற்று குழாயை ஆட்டு ஆட்டென்று ஆட்டும், மணல் பறந்து ஆடிமேல் விழும். மாசி முதல் சித்திரை வரைதான் இங்கே கேலக்ஸிக் காலம்.

பொருளின் குறைகளையும் சொல்ல வேண்டும். அடிப்பெட்டியின் மரத்தூள் பலகை உப்புக்காற்றில் ஊறி ஓரங்களில் உப்பிவிடுகிறது; ஒட்டுத்தாள் பிரிந்து, தொட்டால் தூளாக உதிர்கிறது, சுழற்சியும் சிக்க ஆரம்பிக்கிறது. வாங்கின வாரமே எல்லா விளிம்புகளுக்கும் இரண்டு கோட்டிங் வார்னிஷ் அடித்துவிடுங்கள், திருகாணிகளை எவர்சில்வரில் மாற்றுங்கள். எனக்கு விற்ற கடை கூடவே அனுப்பிய லேசர் கருவி, ஆடிகளை நேர்படுத்துவதற்காக உள்ளது, அதுவே கோணலாக இருந்தது. ஐபீஸ் செருகும் போக்கஸரில் வைத்து மெதுவாகச் சுழற்றினால் புள்ளி ஒரே இடத்தில் நிற்க வேண்டும், இது வட்டம் போட்டது. மாற்றித் தரச் சொல்லிப் பல வாரம் அலைந்தேன். ஆடிகள் நேராக இல்லாவிட்டால் எம் 104ன் கோடு கரைந்துபோகும், அதனால் வந்த உடனே சோதித்துவிடுங்கள். பனி இன்னொரு தொல்லை, நள்ளிரவுக்கு மேல் மேலே இருக்கும் சின்ன ஆடியில் படர்ந்துவிடும். குழாய் வாயில் கறுப்பு யோகா பாயைச் சுருட்டிக் கட்டினால் ரொம்ப நேரம் தாங்கும். கூடுதலாக ஒரு பொருள் வாங்குவதென்றால் 15 மில்லிமீட்டர் ஐபீஸ். அதில் வரும் 80 மடங்கில்தான் நான் பெரும்பாலான சுருள்களைப் பார்க்கிறேன்.

குழாயும் பெட்டியும் சேர்ந்து 20 கிலோவுக்குக் குறையாது. ஆம்னி வேன் மாதிரி வண்டி இருந்தால் பின்சீட்டை மடக்கிப் போட்டுக்கொண்டு போகலாம். பைக் மட்டும்தான் இருக்கிறது, வீடும் மாடியில் என்றால் இதை வாங்காதீர்கள், 6 அங்குலம் போதும். எம் 104ன் கருங்கோடு நல்ல இருட்டில் அதிலும் தெரியும், எம் 51ன் கரங்களுக்கு மட்டும் இன்னும் நல்ல இருட்டும் கூடுதல் பொறுமையும் வேண்டியிருக்கும்.